ஐந்தில் வளைந்தது

காளை விடும் நாளில்
ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு
பகல் இரண்டு மணிக்கே ரத்தம் வரத் தொடங்கிவிடும்.
தொடை கிழிந்தவன், விலா நொறுங்கியவன்,
பாதிக் காது தொங்க
மாட்டை விட்டுவிட்டு மாட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தவன்.
எல்லாரும் சத்தமாக இருந்தார்கள்.

லோகிதா சத்தமாக இல்லை.
வயது ஐந்து. வேடிக்கை பார்த்த டிராக்டரிலிருந்து விழுந்தவள்.
வலது கையை இடது கையால்
தூங்கும் பூனைக்குட்டியைப் போல ஏந்திவந்து
பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வீக்கம் பெரிதாக இல்லை.
தேவகிருபை படம் எடுத்து
இன்னும் சூடாறாத பிலிமை நீட்டினாள்.
பத்து நொடி பார்த்திருப்பேன்.
மணிக்கட்டுக்கு மேலே, எலும்பின் ஓரத்தில்
ஒரு புடைப்பு இருக்கிறதா என்று தேடினேன்.
பிள்ளை எலும்பு பல சமயம் உடையாது,
நோட்டுத் தாளில் நகம் பட்டதுபோல்
கொஞ்சம் மடங்கும், அவ்வளவுதான்.
இல்லை.
வளர்ச்சித் தட்டின் கருங்கோட்டைப் பார்த்து
முறிவென்று பதறும் புதியவனும் இல்லை நான்.
'எலும்பு முறிவு இல்லை' என்று சீட்டில் எழுதி
"சுளுக்குத்தாம்மா" என்றேன்.
விலா நொறுங்கியவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

போகும்போது அட்டெண்டர் முனிரத்தினம்
அவளுக்கு ஒரு கரும்புத் துண்டு நீட்டினார்.
இடது கை வந்தது.
"ஐயய்ய, அந்தக் கையில வாங்கக் கூடாது பாப்பா."
வலது கையைக் கொண்டுவந்தாள்.
உள்ளங்கை மேலே திரும்பவில்லை.
தோளைச் சாய்த்தாள், இடுப்பைச் சாய்த்தாள்,
உடம்பு முழுக்கத் திரும்பியது
கை மட்டும் கவிழ்ந்தே இருந்தது.
கரும்பை அம்மா வாங்கிக்கொண்டாள்.

இதையெல்லாம் நான் பார்த்தேன்.
பார்த்தேன் என்பது
தொங்கும் காதில் நான்காவது தையல் போடும்போதுதான்
எனக்குத் தெரிந்தது.

பிலிமை மறுபடி மாட்டினேன்.
மருந்துச் சீட்டுக் கட்டின் விளிம்பை
அல்னாவின் முதுகோடு ஒட்டி வைத்தேன்.
ஒட்டவில்லை.
நடுவில் ஒரு நெல் அகலம் வெளிச்சம்.
முழங்கை, படத்தின் விளிம்பில்
போனால் போகிறதென்று பாதி விழுந்திருந்தது;
அதுவே போதுமாயிருந்தது.
ரேடியஸின் நடுவே இழுத்த கோடு
மேலே அந்தப் பட்டாணி எலும்பில் போய் முட்டவேண்டும்,
எந்தப் பக்கம் திருப்பி எடுத்தாலும் முட்டவேண்டும்.
முட்டவில்லை.
வீடு தெரியாத தபால்காரன் மாதிரி
வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறோம்.
ஐந்தில் வளைந்தது கண்ணில் படுமா என்று
யாரும் கேட்டுவைக்கவில்லை.

முனிரத்தினம் டிவிஎஸ்ஸை முறுக்கிக்கொண்டு போய்
மேல் அரசம்பட்டு பஸ்ஸை மறித்து
இருவரையும் இறக்கிக் கூட்டிவந்தார்.
அம்சா கொதித்துக்கொண்டிருந்தாள்.
"இன்னா சார், ஒன்னும் இல்லன்னு நீதானே சொன்னே?
இப்போ ஒடஞ்சிகீதுன்றியா?"
"ஒடையலம்மா. வளைஞ்சிருக்கு.
வளைஞ்ச வேகத்துல பக்கத்து எலும்பு
மூட்டை விட்டு நழுவியிருக்கு."
"வளைஞ்சது தானா நேராவாதா?"

சிறிய கேள்வி.
சிறிய பதில் என்னிடம் இல்லை.
ஆகாமல் போய், ஆறு மாதம் கழித்து
சட்டைப் பித்தானைப் போடத் தெரியாத கையோடு
வந்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.
அவன் பழைய படத்திலும்
யாரோ இதே வரியை எழுதியிருந்தார்கள்.
அது என் கையெழுத்து இல்லை என்பதில்
அன்று எனக்கு ஒரு அற்ப நிம்மதி இருந்தது.

முழங்கைக்குத் தனியாகப் படம் எடுத்தோம்.
தேவகிருபை பார்த்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை.
மாவுப் பட்டை வைத்து
அடுக்கம்பாறைக்குச் சீட்டு எழுதினேன்.
பழைய சீட்டில் அந்த வரியை அடிக்கப் போனேன்.
அடிக்க என்ன இருக்கிறது?
முறிவு இல்லைதான்.

ஆம்புலன்ஸில் ஏறியதும்
அம்சா முந்தானையில் முடிந்த கரும்பை எடுத்தாள்.
நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன்:
"வாயில ஒன்னும் குடுக்காதீங்க,
அங்க மயக்க மருந்து குடுத்துத்தான் எலும்பை ஏத்துவாங்க."

லோகிதா கரும்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
விழுந்ததிலிருந்து அழாதவள்
அப்போதுதான் அழுதாள்.